முதலில் ஒரு நோட்டு, அப்புறம்தான் அலமாரி

பெரம்பூர் பக்கம் ஒரு வீட்டைப் புதுப்பிப்பதற்காகப் பரணைக் காலி செய்தார்கள். இறங்கிய சாமான்களில் மூன்றடுக்குப் பித்தளை டிபன் கேரியர் ஒன்று இருந்தது. மூடியின் மேல் நான்கு இலக்க எண் உளியால் வெட்டியிருந்தது. பக்கவாட்டில் புள்ளி புள்ளியாக இரண்டு இனிஷியல். கீழ் அடுக்கின் உட்புறம் ஈயம் தேய்ந்து பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. மேல் இரண்டு அடுக்கிலும் ஈயப்பூச்சு அப்படியே இருந்தது. கைப்பிடி ஒரு பக்கம் வளைந்திருந்தது. காயலான் கடையில் எடைக்குப் போட வாசலில் வைத்திருந்தார்கள்.

"இதுல நம்பர் போட்டிருக்கே, என்னம்மா அது?" என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரரோட மில் நம்பரு தம்பி. கேட்டாண்ட இருபது முப்பது கேரியர் ஒண்ணா வச்சிருப்பாங்க. நம்பர் இல்லன்னா எது யாருதுன்னு எப்படித் தெரியும்? கீழ் அடுக்குல எப்பவும் புளிக்குழம்புதான். புளிப்பு பட்டுப் பட்டு ஈயம் போயிடும். ஈயம் பூசுறவரு தெருவுக்கு வந்தா அந்த ஒரு அடுக்கை மட்டும் கொடுப்பேன்."

ஐந்து நிமிடப் பேச்சு. அதில் ஒரு மில்லின் வாசல், அங்கே காத்திருந்த சாப்பாடு, ஒரு குடும்பத்தின் சமையல், இன்று தெருவில் காணாமலே போய்விட்ட ஒரு தொழில் எல்லாம் வந்துவிட்டன. அந்த ஐந்து நிமிடம் நடக்காமல் போயிருந்தால் அந்தக் கேரியர் ஒன்றரைக் கிலோ பித்தளை, அவ்வளவுதான்.

உங்கள் பேட்டையின் வரலாற்றைப் பொருட்கள் வழியாகக் காப்பாற்ற நினைக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் நாலைந்து பேர் ஒரு படிப்பகத்தின் பின் அறையில் இந்த வேலையைச் செய்து வருகிறோம். ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் இடம் தேடுகிறார்கள், கண்ணாடி அலமாரிக்கு விலை விசாரிக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். அலமாரியை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். பொருளைப் பற்றித் தெரிந்த மனிதர் எப்போதும் இருக்க மாட்டார். அதனால் முதல் செலவு ஒரு நீளமான கட்டு நோட்டாக இருக்கட்டும்.

எதுவரை நம் பேட்டை

"சென்னை வரலாறு" என்று தொடங்காதீர்கள். அதற்கு 1851-ல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது, கோட்டைக்குள் இன்னோர் அருங்காட்சியகம் இருக்கிறது, ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை அருகே ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. அவற்றில் கிடைக்காதது உங்கள் பத்துத் தெருக்களின் கதை. நடந்தே சுற்றி வரக்கூடிய ஓர் எல்லையை வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் ஒவ்வொரு பேட்டையும் ஒரு காரணத்துக்காக உருவானது. சிந்தாதிரிப்பேட்டை 1734-ல் நெசவாளர்களைக் குடியமர்த்தவே ஏற்படுத்தப்பட்டது. கம்பெனித் துணிகளை வெளுத்தவர்கள் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. எங்கள் பக்கம் பி அண்ட் சி மில்: பக்கிங்ஹாம் மில் 1876-லும் கர்நாட்டிக் மில் 1881-லும் வந்தன, 1920-ல் இரண்டும் ஒன்றாயின, 1996-ல் மூடப்பட்டன. நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-ல் இந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் பிறந்தது. பேட்டை பிறந்த காரணம் என்ன, அது எப்போது மாறியது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டால் எந்தப் பொருளைத் தேட வேண்டும் என்பது தானாகவே விளங்கும். காசிமேட்டில் வலை பின்னும் ஊசியும் பழைய கட்டுமரத் துண்டும் முக்கியம். எங்களுக்கு மில் அடையாள வில்லை, காக்கித் துணித் துண்டு, சங்க சந்தா ரசீது.

எழுத்து ஆதாரங்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். ஆனால் ஆவணங்களுக்குள்ளேயே மூழ்கிவிட வேண்டாம். ஆவணம் காத்திருக்கும். எண்பது வயதுப் பாட்டி காத்திருக்க மாட்டார்.

நோட்டில் எழுத வேண்டியவை

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். நாங்கள் பின்பற்றுவது, உலகம் முழுக்க அருங்காட்சியகங்களில் இருக்கும் எளிய முறை: ஆண்டு, அந்த ஆண்டில் எத்தனையாவது நபரிடமிருந்து வந்தது, அவர் கொடுத்ததில் எத்தனையாவது பொருள். 2024.7.3 என்றால் 2024-ல் ஏழாவதாகக் கொடுத்தவர் தந்த மூன்றாவது பொருள். கேரியரும் அதன் மூடியும் தனித்தனியாகக் கழன்றால் 2024.7.3அ, 2024.7.3ஆ. ஒரு முறை கொடுத்த எண்ணை, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாலும் வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள்.

அந்த எண்ணுக்கு நேராக இவ்வளவு எழுத வேண்டும்: பொருளை அந்த வீட்டில் என்ன பெயரால் அழைத்தார்கள், எதனால் ஆனது, நீள அகலம், எங்கெங்கே உடைந்திருக்கிறது, யார் கொடுத்தார், யார் பயன்படுத்தினார், எந்தத் தெருவில், ஏறத்தாழ எந்த ஆண்டுகளில். பிறகு கொடுத்தவர் சொன்னதை அவர் பேச்சிலேயே இரண்டு மூன்று வரி. "கேட்டாண்ட" என்று சொன்னால் "கேட்டாண்ட" என்றே எழுதுங்கள், "வாயிலின் அருகில்" என்று திருத்த வேண்டாம். அந்தப் பேச்சும் இந்த ஊரின் சொத்துதான்.

ஆண்டு தெரியாது என்று பலரும் சொல்வார்கள். "எந்த வருஷம்?" என்று கேட்டால் விடை வராது. "பெரிய பையன் பிறந்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா? எம்.ஜி.ஆர். இறந்தப்போ இது வீட்டில் இருந்ததா? மூர் மார்க்கெட் எரிஞ்சப்போ?" என்று கேட்டுப் பாருங்கள். எம்.ஜி.ஆர். இறந்தது 1987, சென்ட்ரல் அருகே இருந்த மூர் மார்க்கெட் எரிந்தது 1985. இப்படி இரண்டு மூன்று ஆணி அடித்துவிட்டால் காலம் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

பாத்திரங்களைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டும் பழக்கம் ஒரு பெரிய கொடை. யார் கல்யாணத்துக்கு யார் கொடுத்தது, எந்தத் தேதி, சில சமயம் தெருப் பெயர்கூட இருக்கும். ஒரு எவர்சில்வர் குடத்தின் கழுத்தைச் சுற்றி ஒரு மகளிர் சீட்டுக் குழுவின் பெயர் வெட்டியிருந்ததைப் பார்த்தோம். அந்தக் குழுவைப் பற்றி எந்தக் காகிதமும் எங்கேயும் கிடைக்கவில்லை. அந்தக் குடம் மட்டுமே சாட்சி.

நோட்டில் எழுதியதை அன்றைக்கே கணினியில் ஓர் அட்டவணையாக ஏற்றுங்கள். நாளைக்கு என்று தள்ளினால் பெயர்கள் குழம்பிவிடும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. புகைப்படக் கோப்புகளுக்கும் அதே எண்ணையே பெயராக வையுங்கள்.

பொருளின் மேலேயும் எண் இருக்க வேண்டும். காகிதத்தின் பின்பக்க மூலையில் மென்மையான பென்சிலால் லேசாக எழுதலாம். பால்பாயிண்ட் பேனா, ஸ்கெட்ச் பேனா கூடாது. துணிக்கு, எண் எழுதிய பருத்தி நாடாவை ஓரத்தில் இரண்டு தையல் போட்டால் போதும். பாத்திரம், கருவிகளுக்கு வெள்ளை நூலில் சிறு அட்டை கட்டுங்கள். செல்லோடேப், ஸ்டிக்கர், ஸ்டேப்ளர் பின் மூன்றையும் அந்த அறைக்குள்ளேயே விடாதீர்கள். பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கும்; ஸ்டேப்ளர் பின் நம் கடற்காற்றில் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடிக்கும்.

கேட்பதும் வாங்குவதும்

"பழைய பொருள் இருந்தா கொடுங்க" என்று வாசலில் நின்று கேட்டால் இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்க வந்தவர்கள் என்றே நினைப்பார்கள். தெரிந்தவர் ஒருவரோடு போங்கள். உட்கார்ந்து பேசுங்கள். முதல் நாளே எதையும் வாங்காமல் வருவது நல்லது. படம் எடுத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேளுங்கள். மூன்றாவது தடவை போகும்போது அவர்களே பீரோவைத் திறப்பார்கள்.

வீட்டில் ஆண்களிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்புவது எல்லோரும் செய்யும் தவறு. அப்படிச் சேர்த்தால் மெடல், சங்கக் கொடி, தலைவரோடு எடுத்த போட்டோ இவையே குவியும். அடுப்படிப் பக்கம் போய்ப் பேசினால் சீட்டு நோட்டு, ரேஷன் கார்டு, கோலப் புள்ளி நோட்டு, தையல் மெஷின் டிராயரில் கிடக்கும் அளவு நாடா, தண்ணீர் லாரிக்கு வரிசையில் வைத்த பிளாஸ்டிக் குடம் வரும். பிளாஸ்டிக் குடத்தைச் சிரித்துத் தள்ளிவிட வேண்டாம். இந்த நகரம் தண்ணீருக்குப் பட்ட பாட்டைச் சொல்ல அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கொடுக்கிறாரா, இரவல் தருகிறாரா என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கப் படிவம் போதும்: பொருளின் விவரம், நன்கொடையா இரவலா, இரவல் என்றால் எத்தனை மாதம், பெயரை வெளியில் சொல்லலாமா, படத்தை இணையத்தில் போடலாமா, இரண்டு கையெழுத்து, தேதி. ஒரு பிரதி அவரிடம். இதைச் செய்யாமல் வாய்வார்த்தையில் வாங்கி, இரண்டு வருடம் கழித்து அண்ணன் தம்பிச் சண்டையில் நடுவில் மாட்டிக்கொண்ட அனுபவம் எங்களுக்கு உண்டு. இப்போது, வீட்டில் மற்றவர்களுக்கும் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறோம்.

அவர்கள் மனசு மாறித் திருப்பிக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுத்துவிடுங்கள். படமும் கதையும் உங்களிடம் இருக்கின்றன. பொருள் வீட்டிலேயே இருந்து, பதிவு மட்டும் நம்மிடம் இருப்பதும் முழுமையான சேகரிப்புதான்.

சட்டம் பற்றிக் கொஞ்சம். கோயில் சிலை, கல்வெட்டு, செப்புத் திருமேனி இவற்றை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த பொருட்கள் தொல்பொருள் ஆகும். சுவடி, கையெழுத்துப் பிரதிகளுக்கு அது 75 ஆண்டு. சிலைகள், ஓவியங்கள் போன்ற சில வகைகளைப் பதிவு செய்தே வைத்திருக்க முடியும். அஸ்திவாரம் தோண்டும்போது காசோ நகையோ கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். வாள், துப்பாக்கி மாதிரி ஏதாவது வந்தால் போலீஸிடம் கேட்காமல் தொடாதீர்கள். குழு கொஞ்சம் வளர்ந்ததும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஒரு சங்கமாகப் பதிவு செய்துவிடுங்கள். ஏழு பேர் இருந்தால் போதும். பொருட்கள் தனி ஒருவர் பெயரில் இருந்தால் அவருக்குப் பின் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சொல்வதைப் பதிவு செய்ய

கைபேசியே போதும். ஏரோபிளேன் மோடில் போட்டு, அவர் கைக்கு எட்டும் தூரத்தில், மடித்த துண்டின் மேல் வையுங்கள். மேஜை அதிர்வு ஏறாது. மின்விசிறியை நிறுத்த முடியாத வெயிலாக இருந்தால் வேகத்தைக் குறையுங்கள். முதலில் தேதி, இடம், பேசுபவர் பெயர், பதிவுக்கு அவர் சம்மதம் ஆகியவற்றைக் குரலிலேயே சொல்லிப் பதிந்துவிடுங்கள். பொருளை அவர் கையில் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். வெறும் கையோடு பேசும்போது வராத ஞாபகமெல்லாம் அப்போது வரும். அந்தக் கேரியரை மடியில் வைத்துக்கொண்டபோதுதான் அம்மாவுக்கு மில் சங்கு ஞாபகம் வந்தது. சங்கு ஊதும் நேரத்தை வைத்து உலை வைத்ததைச் சொன்னார்.

கசப்பான விஷயங்களும் வரும். எங்கள் பகுதியில் 1921 மில் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. வேலைநிறுத்தத்தில் இருந்தவர்களுக்கும் வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் இடையே புளியந்தோப்பில் கலவரமாக வெடித்தது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. இதைப் பற்றி இரண்டு பக்கத்துப் பேரப்பிள்ளைகளும் இன்றும் வேறு வேறு கதை சொல்கிறார்கள். இரண்டையும் பதிவு செய்யுங்கள். யார் சொன்னது என்று குறித்து, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றை மட்டும் வைத்து மற்றதை மறைத்தால் அது ஊரின் அருங்காட்சியகமாக இருக்காது, ஒரு தெருவினுடையதாகிவிடும். இதில் நான் சமரசத்துக்கே இடமில்லை என்று நினைக்கிறேன்.

ஒலிக் கோப்புக்கு மூன்று பிரதிகள் வேண்டும்: கணினியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்கில் ஒன்று, வேறொரு வீட்டிலோ கிளவுடிலோ ஒன்று. பழைய ரேஷன் கார்டு, பாஸ்புக் போன்றவற்றின் படத்தை வெளியிடும்போது எண்களை மறைத்துவிடுங்கள்.

பொருளைக் கெடுக்காமல் வைப்பது

சென்னையில் நமக்கு எதிரிகள் ஈரம், உப்புக்காற்று, பூச்சி, வெயில். அதைவிடப் பெரிய எதிரி நம் அக்கறைதான். பளபளவென்று வைக்க வேண்டும் என்ற ஆசையில் பாதிப் பொருட்கள் கெடுகின்றன.

முதலில் லேமினேஷன். ஒரு தாத்தாவின் 1940களின் பள்ளிச் சான்றிதழை அவர் பேரன் எங்களிடம் கொடுப்பதற்கு முந்தின நாள், பத்திரமாக இருக்கட்டுமே என்று கடையில் லேமினேட் செய்துவிட்டான். சூட்டில் மசி பரவி, மடிப்புக் கோடுகள் நிரந்தரமாகிவிட்டன. அந்தப் பிளாஸ்டிக்கை இனிப் பிரிக்க முடியாது. அவன் அன்போடுதான் செய்தான். அதனால் யாரிடமாவது பழைய காகிதம் இருக்கிறது என்று கேள்விப்பட்டவுடன் நாங்கள் சொல்லும் முதல் வார்த்தை, "லேமினேஷன் மட்டும் பண்ணிடாதீங்க."

பிளாஸ்டிக் உறைகளில் போடலாம், ஆனால் வகை பார்க்க வேண்டும். புது மழைக்கோட்டு வாசனை அடித்தால் அது பி.வி.சி.; வேண்டாம். பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர் உறைகளுக்கு வாசனை இருக்காது. பசை தடவிய பக்கங்களில் படத்தை ஒட்டிப் பிளாஸ்டிக் தாளால் மூடும் பழைய ஆல்பங்களிலிருந்து படங்களை மெதுவாக விடுவியுங்கள். வரவில்லை என்றால் இழுக்காமல் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். சிறிய படங்களுக்கு ஸ்கேனரின் நுணுக்க அளவை 600 டி.பி.ஐ. வையுங்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய மறக்காதீர்கள். ஸ்டூடியோ முத்திரையும் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும்.

சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்கவே வேண்டாம். படத்தில் இருப்பவர் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியின் மேல் சந்தனப் பொட்டும் குங்குமமும் இருந்தால் துடைக்காதீர்கள். எத்தனை வருடம் அந்த வீட்டில் அவரைக் கும்பிட்டார்கள் என்பதற்கு அதுவும் ஓர் ஆதாரம்.

பித்தளை, செம்பு, வெண்கலத்தைப் புளி போட்டோ பளபளப்புப் பொடி போட்டோ தேய்க்கக் கூடாது. ஒவ்வொரு தேய்ப்பிலும் உலோகம் கொஞ்சம் போகும்; வெட்டிய எழுத்து மழுங்கும். உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். வெளிர்பச்சையாகப் பொடிப்பொடியாக உதிரும் களிம்பு இருந்தால் அதை மட்டும் தனியாக வைத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பொருட்களைப் பேணுவதற்கென்றே வேதியியல் பிரிவு ஒன்று 1930களிலிருந்து இருக்கிறது. உலோகத்தையும் போட்டோவையும் கையுறை போட்டு எடுங்கள், கை வியர்வை உப்பு அப்படியே தடம் பதிக்கும். காகிதத்துக்குக் கையுறை வேண்டாம், கழுவித் துடைத்த கையே நல்லது. கையுறையோடு புரட்டினால் தாள் கிழியும்.

சுற்றி வைக்கத் தனியான அமிலமில்லாத் தாள் விலை அதிகம். முக்கியமான காகிதங்களுக்கு மட்டும் அதை வாங்குங்கள். மற்றவற்றுக்குக் காடாத் துணி அருமையான மாற்று. ஆனால் கடையிலிருந்து வாங்கியதை அப்படியே பயன்படுத்தாமல் சோப்புப் போடாமல் இரண்டு மூன்று தடவை வெந்நீரில் அலசிக் கஞ்சியைப் போக்குங்கள். கஞ்சி இருந்தால் துணியையும் காகிதத்தையும் அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி. சேலை, கொடி, சட்டை இவற்றை ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் விட்டால் மடிப்பிலேயே கிழியும். அட்டைக் குழாயில் காடாத் துணி சுற்றி, அதன்மேல் உருட்டி வையுங்கள். ஜரிகை வெளிப்பக்கம் இருக்கட்டும்.

பூச்சிக்கு அந்துருண்டை போடும் பழக்கம் நமக்கு உண்டு. மூடிய அறையில் அதன் புகை வேலை செய்பவர்களுக்கும் கெடுதல், சில பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். வேப்பிலையும் வசம்பும் நம் முன்னோர் சுவடிக்கட்டில் வைத்தவை. துணிமூட்டையாகக் கட்டி, பொருளில் படாமல் வைக்கலாம். ஆனால் அவற்றை நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது. மாதம் ஒரு முறை ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்ப்பதுதான் உண்மையான மருந்து. மரச் சாமானுக்குக் கீழே புது மாவு உதிர்ந்திருந்தால் உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

துணியிலோ புத்தகத்திலோ உயிருள்ள பூச்சி தெரிந்தால் குளிர்விக்கும் முறை ஒன்று இருக்கிறது. இரண்டு பிளாஸ்டிக் பைகளில் காற்றை வெளியேற்றி இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்காதீர்கள், பிரித்தால் ஈரம் கோத்துக்கொள்ளும். வீட்டு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி இதற்குப் போதாது. எங்கள் தெருவில் ஐஸ்கிரீம் கடைக்காரர் ஒருவர் மழைக்காலத்தில் காலியாக இருக்கும் பெட்டியைக் கொடுக்கிறார். போட்டோ, வர்ணம் பூசிய மரம், கண்ணாடி ஆகியவற்றை இப்படிச் செய்யக் கூடாது.

ஈரப்பதம் அளக்கும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அவசியம் வாங்குங்கள். அறையில் 65 சதவீதத்தைத் தாண்டிப் பல நாள் நீடித்தால் பூஞ்சணம் கிளம்பும். நம் ஊரில் கடலோர ஈரத்தில் வருடத்தில் பாதி நாள் அப்படித்தான். முழு அறையையும் உலர்த்த முயல்வதைவிட, மூடிய பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைப்பது நடக்கக்கூடிய காரியம். நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். பழைய இரும்பு பீரோ நல்ல பாதுகாப்பு. அதை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

தண்ணீர் வரும்போது

2015 டிசம்பரையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தரைத்தள அறையாக இருந்தால் கீழ்த்தட்டைக் காலியாக விடுங்கள். உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பெரியவர்களைக் கேட்டு, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, அதற்கு மேலேதான் பொருட்கள் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். அக்டோபர் தொடங்கும் முன், பதிவேட்டையும் மிக முக்கியமான இருபது பொருட்களையும் ஒரே பெட்டியில் வைத்து, மாடியில் இருக்கும் ஒருவர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

நனைந்துவிட்டால் பதறாமல் 48 மணி நேரத்துக்குள் வேலை செய்ய வேண்டும். அதற்கு மேல் பூஞ்சணம் பிடிக்கும். சேறு பட்ட போட்டோக்களைச் சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசி, படப்பக்கம் மேலே இருக்கும்படி நிழலில், மின்விசிறிக் காற்றில் பரப்புங்கள். வெயிலில் வைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். ஒட்டிக்கொண்ட படங்களைக் காய்ந்தபின் பிரிக்கவே முடியாது, ஈரத்திலேயே பிரியுங்கள். நனைந்த நோட்டுப் புத்தகங்கள் அதிகமாக இருந்து நேரம் போதாவிட்டால் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, மின்சாரம் நிலையாக வந்தபின் ஒவ்வொன்றாக உலர்த்தலாம்.

காட்சிக்கு வைக்கும்போது

இதற்குத் தனிக் கட்டடம் தேவையில்லை. வடசென்னையில் தெருவுக்குத் தெரு படிப்பகமும் மன்றமும் இருக்கின்றன. கேரம் ஆடும் பையன்கள் இருக்கும் இடத்தில் ஒரு சுவர் கிடைத்தாலும் போதும், அவர்களும் பார்ப்பார்கள். ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து பொருளுக்கு மேல் வைக்காதீர்கள். போட்டோ, காகிதங்களுக்கு நல்ல நகலை மாட்டிவிட்டு மூலத்தைப் பெட்டியிலேயே வையுங்கள். ஜன்னல் வெயில் நேராக விழும் இடம் எதற்கும் ஆகாது.

விளக்க அட்டையில்தான் உங்கள் உழைப்பு தெரியும். "பழங்காலப் பித்தளை உணவு அடுக்கு, இருபதாம் நூற்றாண்டு" என்று எழுதினால் ஒருவரும் நிற்க மாட்டார்கள். நாங்கள் எழுதியது இது: "மில் சாப்பாட்டுக் கேரியர். மூடியில் இருப்பது இதில் சாப்பிட்ட தொழிலாளியின் எண். கீழ் அடுக்கில் ஈயம் தேய்ந்திருப்பதைப் பாருங்கள். அதில் தினமும் புளிக்குழம்பு. மனைவி காலையில் கட்டி, மதியம் மில் வாசலில் கொண்டுவந்து வைப்பார்." எழுத்து பெரிதாக, கண் மட்டத்தில், ஐம்பது அறுபது சொற்களுக்குள் இருக்கட்டும். வேலை முடிந்து வரும் ஒருவர் கண்ணாடி போடாமல் படிக்க முடிய வேண்டும்.

திறக்கும் நாளன்று ஓரமாக ஒரு மேஜை போட்டு, ஸ்கேனரும் படிவக் கட்டும் நோட்டும் வைத்து இரண்டு பேரை உட்கார வையுங்கள். பார்க்க வந்தவர்கள், "எங்க வீட்லயும் இந்த மாதிரி ஒண்ணு இருக்கு" என்று ஆரம்பிப்பார்கள். எங்களுக்கு அடுத்த மூன்று மாதத்துக்கான வேலை அந்த ஒரு மேஜையில்தான் கிடைத்தது.

எப்போது கிளம்புவது

வருடம் முழுக்கத் தேடலாம், ஆனால் பொருட்கள் வீட்டைவிட்டு வெளியேறும் நாட்கள் சில உண்டு: பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் சமயம், ஆயுத பூஜைக்கு முன் கழுவித் துடைக்கும் வாரம், வீடு மாற்றும்போது, ஒருவர் இறந்து காரியம் முடிந்தபின். கடைசியாகச் சொன்னதில் அவசரப்பட்டுப் போய் நிற்கக் கூடாது. தெரிந்தவர் மூலம் "எதையும் உடனே போட்டுடாதீங்க, நிதானமா பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

எல்லாவற்றிலும் பெரியது போகி. விடியற்காலையில் பழைய பாய், கோரைக்கூடை, நோட்டு, கடிதக் கட்டு எல்லாம் தெருமுனையில் எரியும். நாங்கள் மார்கழி பிறந்து பத்து நாளைக்குள் துண்டறிக்கை அச்சடித்துவிடுகிறோம். அதில் நான்கே வரி: பழைய கடிதம், போட்டோ, பத்திரிகை, அடையாள அட்டை, பெயர் வெட்டிய பாத்திரம் இருந்தால் எரிக்காமல் எங்களுக்குச் சொல்லுங்கள், படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறோம், காசு வாங்க மாட்டோம், இந்த எண்ணில் கூப்பிடுங்கள். பால் போடுபவரும் பேப்பர் போடுபவரும் வீடு வீடாகக் கொடுக்க உதவுகிறார்கள். காயலான் கடைக்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம், எழுத்து வெட்டிய பாத்திரம் எடைக்கு வந்தால் தனியாக எடுத்துவைத்து, எந்த வீட்டிலிருந்து வந்தது என்று ஒரு சீட்டில் எழுதி வைக்கச் சொல்லி. போகிக்கு முந்தின சாயங்காலம் இரண்டு பேர் சைக்கிளில் கோணிப்பையோடு தெருக்களை ஒரு சுற்று வருவோம். குப்பையில் ஏற்கெனவே கட்டி வைத்ததைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பையில் போடும்போதே வீட்டு எண்ணைச் சீட்டில் எழுதிக் கூடவே போட்டுவிடுங்கள், பொங்கல் முடிந்ததும் அந்த வீட்டுக்கு நோட்டோடு போக வேண்டியிருக்கும்.